மகளுக்கு வாங்கிய ஜூனியர் ஹெல்மெட்டும் நெக் கார்டும்: ஒரு சீசன் போட்டுப் பார்த்த பிறகு

வாங்கியது: லெதர் பால் கிரிக்கெட் ஆடும் 13 வயதுப் பெண்ணுக்கு ஒரு ஜூனியர் ஹெல்மெட், கழுத்தைக் காக்க அதன் பின்பக்கம் மாட்டுகிற நெக் கார்டு ஒன்று. வாங்கிய இடம் சென்னை பெரியமேடு, நேரு ஸ்டேடியத்தைச் சுற்றி இருக்கும் விளையாட்டுச் சாமான் கடைகளில் ஒன்று. ஹெல்மெட் 3,500 ரூபாயை ஒட்டி வந்தது. நெக் கார்டு தனியாக 1,200 ரூபாய்க்குப் பக்கம். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இரண்டையும் சேர்த்தே வாங்குங்கள். ஆனால் உள்ளே ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்காமலும், பிள்ளையைக் கடைக்குக் கூட்டிப் போகாமலும் வாங்காதீர்கள்.

பிராண்டு பெயரைப் போடவில்லை. ஏழெட்டு கம்பெனிகள் ஏறக்குறைய இதே மாதிரிதான் செய்கின்றன, மாடல் பெயரும் அடிக்கடி மாறுகிறது. ஒரு கம்பெனியின் ஹெல்மெட் என் மகள் தலைக்குச் சரியாக உட்கார்ந்தது என்பதற்காக உங்கள் பிள்ளை தலைக்கும் உட்காரும் என்று சொல்ல முடியாது. எந்தக் கம்பெனியாக இருந்தாலும் கடையில் என்ன பார்க்க வேண்டும், போட்டு ஆடும்போது எப்படி இருக்கிறது என்பதுதான் இங்கே பயன்படும்.

நான் நரம்பியல் அறுவை சிகிச்சை வார்டில் பல வருஷமாக நர்ஸ். தலையில் அடிபட்டு வருகிற பிள்ளைகளில் பெரும்பாலோர் பைக்கிலிருந்து விழுந்தவர்கள், மாடியிலிருந்து விழுந்தவர்கள். விளையாட்டில் அடிபட்டு வருபவர்கள் குறைவுதான். ஆனால் அவர்கள் தாமதமாக வருகிறார்கள். முதல் நாள் பந்து பட்டது, அடுத்த நாள் ஸ்கூலுக்குப் போனான், அதற்கடுத்த நாள் வாந்தி என்று கூட்டிவருவார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் மகள் டென்னிஸ் பாலிலிருந்து லெதர் பாலுக்கு மாறியதும் பேட்டுக்கு முன்னால் ஹெல்மெட்டைத் தேட ஆரம்பித்தேன்.

அவள் போகும் பயிற்சி மையத்தில் பொதுவாக நான்கைந்து ஹெல்மெட் ஒரு கிட் பேக்கில் கிடக்கும். யார் பேட்டிங் போகிறார்களோ அவர்கள் கையில் கிடைத்ததை மாட்டிக்கொண்டு போவார்கள். ஒன்றில் தாடைப் பட்டையின் கிளிப் உடைந்து, பட்டையை முடிச்சுப் போட்டு வைத்திருந்தார்கள். இன்னொன்றில் உள்ளே இருக்கும் ஃபோம் வியர்வையில் ஊறிக் காய்ந்து பப்படம் மாதிரி உதிர்ந்தது. பெரியவர் சைஸ் ஹெல்மெட் ஒன்றை மாட்டிக்கொண்டு ஒரு சின்னப் பையன் ரன் ஓடினான். ஒரு கையில் பேட், இன்னொரு கையால் கண்ணை மறைக்கும் ஹெல்மெட்டைத் தூக்கிப் பிடித்திருந்தான். அந்த மையத்தில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். உங்கள் பிள்ளை போகும் இடத்தில் கிட் பேக்கைத் திறந்து பாருங்கள்.

லேபிளுக்கு வருகிறேன். கிரிக்கெட் ஹெல்மெட்டுக்கு உலகம் முழுக்க ஏற்றுக்கொண்டிருப்பது பிஎஸ் 7928 என்ற பிரிட்டிஷ் தரம். அதன் 2013ஆம் ஆண்டுப் பதிப்புதான் வேண்டும். பழைய பதிப்பில் ஓடு எவ்வளவு அடி தாங்குகிறது என்பதில்தான் கவனம் இருந்தது. 2013இல்தான் நிஜப் பந்தை ஆட்டத்தில் வரும் வேகத்தில், முகத்துக்கு முன்னால் இருக்கும் கம்பிக் கிரில் மீது அடித்து, பந்து உள்ளே நுழைகிறதா, கம்பி வளைந்து முகத்தில் படுகிறதா என்று பார்க்கும் சோதனை சேர்ந்தது. சர்வதேச ஆட்டங்களில் ஹெல்மெட் போட்டால் இந்தத் தரத்தில்தான் போட வேண்டும் என்று சர்வதேச கிரிக்கெட் கவுன்சிலான ஐசிசி 2017இல் விதியாக்கியது.

இதில் பெற்றோர் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. சோதனை பந்தின் அளவைப் பொறுத்தது. ஆண்கள் ஆடும் பந்து சுமார் 156 முதல் 163 கிராம். ஜூனியர் பந்து 133 முதல் 144 கிராம், சுற்றளவும் சிறியது. பெரிய பந்து நுழைய முடியாத இடைவெளியில் சின்னப் பந்து நுழைந்துவிடலாம். அதனால் அண்ணன் போட்ட பெரிய ஹெல்மெட்டைத் தம்பிக்கு மாட்டிவிட்டால், அளவு தற்செயலாகப் பொருந்தினால்கூட, நெற்றிக்கு முன்னால் நீட்டியிருக்கும் பீக்குக்கும் கிரில்லின் மேல் கம்பிக்கும் நடுவே ஜூனியர் பந்து கண்ணுக்கு நேராகப் போக வழி இருக்கிறது. லேபிளில் எந்தப் பந்துக்குச் சோதித்தது என்று போட்டிருக்கும். என் மகள் பெண்கள் அணியிலும் ஆடுகிறாள், நெட்ஸில், அதாவது வலைப் பயிற்சியில், பெரிய பையன்களோடும் ஆடுகிறாள். அதனால் இரண்டு அளவுக்கும் சோதித்த ஹெல்மெட்தான் வேண்டும் என்று தேடினேன்.

முதலில் ஏறிய கடையில் லேபிள் கேட்டதற்கு, "எல்லாம் ஒண்ணுதான் மேடம், இது ஐபிஎல்ல போடறது" என்றார்கள். இறங்கிவிட்டேன். இரண்டாவது கடையில் கல்லாவில் இருந்த பெரியவர் ஹெல்மெட்டைத் திருப்பி, உள் பஞ்சை விலக்கி, லேபிளைக் காட்டினார். "படிச்சுக்கம்மா, புரியலைன்னா கேளு" என்றார். அப்புறம் ஒரு ஜூனியர் பந்தை எடுத்து அந்த இடைவெளியில் வைத்து உள்ளங்கையால் அழுத்தினார். நுழையவில்லை. "கிரில்லை நீங்களா நெம்பி அகலமாக்காதீங்க. பிள்ளைங்க பந்து தெரியலைன்னு நெம்பிடுவாங்க" என்று மகளையும் பார்த்துச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காகவே கடை எனக்குப் பிடித்துப்போயிற்று. பையில் ஒரு பந்தைப் போட்டுக்கொண்டு போங்கள். நீங்களே அழுத்திப் பார்க்கலாம். லேபிளுக்கு இது மாற்று அல்ல, ஆனால் தவறான ஹெல்மெட்டை அங்கேயே காட்டிக்கொடுக்கும்.

அளவு பார்க்க வீட்டிலிருந்து தையல் டேப் கொண்டுபோயிருந்தேன். புருவத்துக்கு ஒரு விரல் மேலே வைத்துத் தலையைச் சுற்றி அளக்க வேண்டும். "அடுத்த வருஷத்துக்கும் ஆகட்டும்" என்று ஒரு சைஸ் பெரிதாக வாங்கும் பழக்கம் நம் எல்லார் வீட்டிலும் உண்டு. யூனிஃபார்முக்குச் சரி. ஹெல்மெட்டுக்கு வேண்டவே வேண்டாம். தளர்ந்த ஹெல்மெட் பந்து பட்டதும் சுழன்றுவிடும். தாடைப் பட்டையைப் போடாமலே தலையை இப்படியும் அப்படியும் ஆட்டச் சொல்லுங்கள். ஹெல்மெட் தலையோடு சேர்ந்து திரும்ப வேண்டும், நெற்றித் தோலும் கூடவே நகர வேண்டும். பீக் புருவத்துக்கு நேராகக் கிடைமட்டமாக இருக்க வேண்டும். பிறகு பட்டையை மாட்டி, கிரில்லை முகத்தை நோக்கி அழுத்திப் பாருங்கள். மூக்கில் தொடக் கூடாது. நாங்கள் வாங்கியதில் பின்னால் திருகும் டயல் ஒன்று இருக்கிறது. கடைசி ஒரு சுற்று இறுக்கத்துக்கு அது நல்ல வசதி. ஆனால் பெரிய ஹெல்மெட்டைச் சின்னதாக்குவதற்கு டயலை நம்பக் கூடாது.

பெண் பிள்ளைகளின் அம்மாக்களுக்கு இன்னொன்று. சடை. யாரும் இதைப் பற்றி எழுதி நான் பார்த்ததில்லை. உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது, முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஒற்றைச் சடையைப் பின்னால் விட்டால் நெக் கார்டு அதன்மேல் ஏறி நிற்கும், கழுத்துக்கும் கார்டுக்கும் நடுவே இடைவெளி விழும். எங்களுக்குச் சரியாக வந்தது இரட்டைச் சடை. காதுக்குக் கீழே தாழ்வாகப் பின்னி, இரண்டையும் முன்பக்கம் கொண்டுவந்து ஜெர்சி காலருக்குள் விட்டுவிடுவது. ஸ்கூலுக்குப் பின்னுகிற அதே பின்னல், ரிப்பனும் மடிப்பும் மட்டும் கிடையாது. கடையில் அளவு பார்க்கும்போதே ஆடும் நாளில் எப்படித் தலை வாருவாளோ அப்படி வாரிக் கூட்டிப் போங்கள்.

நெக் கார்டு தேவையா என்று என் கணவர் கேட்டார். பயிற்சியாளர் சாரும், இந்த வயசில் அவ்வளவு வேகமாக யார் போடுகிறார்கள் என்றார். அவர்களுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் ஹியூஸ் 2014 நவம்பர் 25ஆம் தேதி சிட்னி மைதானத்தில் அந்த நாட்டின் உள்நாட்டுப் போட்டியான ஷெஃபீல்டு ஷீல்டு ஆட்டம் ஒன்றில் 63 ரன்னோடு நின்றுகொண்டிருந்தபோது, பவுன்சர் ஒன்று ஹெல்மெட்டுக்குக் கீழே, இடது காதுக்குக் கீழ்க் கழுத்தில் பட்டது. தலையில் ஹெல்மெட் இருந்தது. பந்து பட்டது ஹெல்மெட் மூடாத இடத்தில். மூளைக்குப் போகும் முதுகெலும்புத் தமனி கிழிந்து மூளையைச் சுற்றி ரத்தம் கசிந்தது. இரண்டு நாளில் இறந்துபோனார். 26ஆவது பிறந்தநாளுக்கு மூன்று நாள் இருந்தது. அதற்குப் பிறகுதான் மசூரி போன்ற கம்பெனிகள் ஹெல்மெட்டின் பின்னால் மாட்டும் கழுத்துக் காப்பைக் கொண்டுவந்தன. அன்றைக்கு அந்தக் காப்பு இருந்திருந்தாலும் அவர் பிழைத்திருப்பார் என்று உறுதியாகச் சொல்ல முடியாது, ஆஸ்திரேலியாவில் நடந்த ஆய்வும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் வெறும் தோலில் 150 கிராம் பந்து படுவதும், ஃபோமும் பிளாஸ்டிக்கும் நடுவில் இருக்கப் படுவதும் ஒன்றல்ல.

அது தொழில்முறை ஆட்டம், வேகப் பந்து என்று சொல்பவர்களுக்கு: 2025 அக்டோபரில் மெல்போர்னில் 17 வயதுப் பையன் ஒருவன், போட்டியில்கூட அல்ல, நெட்ஸில் அடிபட்டு இறந்தான். பந்தை வேகமாக எறிய உதவும் சைடு ஆர்ம் குச்சியால் எறிந்த பந்து கழுத்தில் பட்டது. ஹெல்மெட் போட்டிருந்தான், கழுத்துக் காப்பு இல்லை. நம் ஊர் நெட்ஸ் பலவற்றிலும் இன்று அந்தக் குச்சி வந்துவிட்டது. 13 வயதுப் பிள்ளை போட முடியாத வேகத்தை அது எளிதாகத் தரும். ஆஸ்திரேலிய வாரியம் 2023 அக்டோபரிலிருந்து தன் ஆட்டங்களில் வேகப் பந்தை எதிர்கொள்பவர்களுக்குக் கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கியது. மூச்சு முட்டுகிற மாதிரி இருக்கிறது என்று நெடுங்காலம் தவிர்த்துவந்த ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் ஸ்டீவ் ஸ்மித்கூட அதற்குப் பிறகு போட்டுத்தான் ஆடினார்.

ஸ்மித் சொன்னதில் உண்மை இல்லாமல் இல்லை. முதல் சில பயிற்சிகளில் மகளும் முகம் சுளித்தாள். தலையைத் தூக்கினால் கார்டு முதுகில் இடிக்கிறது, காதுக்குப் பக்கத்தில் உரசுகிறது என்றாள். மாட்டும் கிளிப் இரண்டும் ஒரே உயரத்தில் இருக்கின்றனவா என்று பார்த்துச் சரிசெய்ததும் உரசல் நின்றது. வீட்டிலேயே போட்டுக்கொண்டு கண்ணாடி முன் ஷேடோ பேட்டிங் ஆடினாள். பிறகு அதைப் பற்றிப் பேச்சே இல்லை. நெக் கார்டு எல்லா ஹெல்மெட்டிலும் மாட்டாது. அந்த ஹெல்மெட்டுக்கென்று அதே கம்பெனி செய்ததையே வாங்குங்கள். வேறொன்றைக் கயிறு போட்டுக் கட்டி வைத்திருப்பதை மைதானத்தில் பார்த்திருக்கிறேன். பந்து பட்டால் அது இருந்த இடத்தில் இருக்காது.

குறைகளையும் சொல்ல வேண்டும். சூடு. சென்னை ஏப்ரல், மே மாத சம்மர் கேம்பில் காலை எட்டு மணிக்கே உள்ளே நனைந்துவிடும். காற்று போக ஓட்டைகள் இருந்தாலும் நெக் கார்டு போட்ட பிறகு கழுத்துப் பக்கம் காற்றே கிடையாது. ஓவர் முடிந்ததும் கழற்றித் துடைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறோம். உள் பஞ்சு கழன்று வருகிறது, சோப்புத் தண்ணீரில் அலசி நிழலில் காயவைக்கலாம். வெயிலில் வைத்தால் பசை விட்டுவிடும். இரண்டாவது, காது. பார்ட்னர் "நோ" என்று கத்துவது முன்னைப் போலக் கேட்பதில்லை. அதனால் கையைத் தூக்கிக் காட்டுவது என்று அவர்களுக்குள் பழகிக்கொண்டார்கள். எடை முக்கால் கிலோவுக்குக் கொஞ்சம் மேல். டைட்டானியம் கிரில் என்றால் எடை குறையும், விலை ஏறிவிடும். வளரும் பிள்ளைக்கு ஸ்டீல் போதும்.

பேட்டிங் முடிந்ததும் ஹெல்மெட்டைக் கழற்றி வைத்துவிடுவதுதான் நம் பிள்ளைகளின் பழக்கம். ஸ்டம்புக்கு ஒட்டி நிற்கும் கீப்பருக்கும் கட்டாயம் வேண்டும். இந்தியாவுக்கு ஆடிய ராமன் லாம்பா 1998இல் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில் பேட்ஸ்மேனுக்கு மிக அருகில், ஷார்ட் லெக்கில் ஹெல்மெட் இல்லாமல் ஃபீல்டிங் நின்றார். அந்த ஓவரில் சில பந்துகள்தான் பாக்கி. பேட்ஸ்மேன் அடித்த பந்து நெற்றிப் பொட்டில் பட்டு, சில நாளில் இறந்தார். வயது 38. இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழுள்ளவர்கள் லெதர் பாலில் பேட்டிங் செய்யவும் ஸ்டம்பை ஒட்டிக் கீப்பிங் செய்யவும் ஹெல்மெட் வேண்டும் என்று 2000ஆம் ஆண்டிலிருந்தே விதி உண்டு. சின்னப் பிள்ளைகளைப் பேட்ஸ்மேனுக்கு அருகில் நிறுத்தக் கூடாது என்றும் இருக்கிறது. 13 வயதுக்குக் கீழே என்றால் 11 கஜம் தள்ளித்தான் நிற்க வேண்டும். நம் பயிற்சி மையங்களில் இதைக் கேட்டு வாங்க வேண்டியது பெற்றோர்தான்.

சீசன் நடுவில் ஹெல்மெட்டுக்குச் சோதனை வந்தது. மகள் முட்டியிட்டு ஸ்வீப் ஆடப் போய்ப் பந்து பேட்டின் மேல் விளிம்பில் பட்டு, ஹெல்மெட்டின் பக்கவாட்டில், காதுக்கு மேலே மோதியது. வெளியே ஒரு கீறல் தவிர ஒன்றுமில்லை. ஓடு பிளக்கவில்லை, கிரில் வளையவில்லை. ஹெல்மெட் செய்ய வேண்டிய வேலையை முழுதாகச் செய்தது. ஆனால் அவள் எழுந்து நின்ற விதம் எனக்குச் சரியாகப் படவில்லை. பயிற்சியாளர் சார், "நல்லாத்தானே நிக்கறா, இந்த ஓவரை முடிக்கட்டும்" என்றார். நான் வெளியே கூட்டிவந்தேன்.

இதைத்தான் எல்லாரும் புரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். ஹெல்மெட் மண்டை உடையாமல் காக்கும். உள்ளே மூளை குலுங்குவதை முழுக்க நிறுத்தாது. டாக்டர்கள் கன்கஷன் என்று சொல்லும் மூளை அதிர்வு மயக்கம் போடாமலும் வரும், ஸ்கேனில் எதுவும் தெரியாமலும் இருக்கும். அவளிடம் கேட்டேன்: எந்த கிரவுண்டு இது? கடைசி ஓவர் யார் போட்டாங்க? போன மேட்ச் யாரோட, ஜெயிச்சோமா? மைதானத்தில் கேட்பதற்கென்றே இருக்கும் கேள்விகள் இவை. போன மேட்ச் யாரோடு என்பதற்கு யோசித்தாள், தப்பாகச் சொன்னாள். தலை வலிக்கிறது, வெளிச்சம் கூசுகிறது என்றாள். அன்று அதோடு ஆட்டம் முடிந்தது, நேராக டாக்டர்.

உடனே ஆஸ்பத்திரி போக வேண்டிய அறிகுறிகளைச் சொல்கிறேன். திரும்பத் திரும்ப வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, கழுத்து வலி, இரட்டையாகத் தெரிவது, கை கால் மரத்துப்போவது அல்லது பலவீனம், வலிப்பு, நினைவு தப்புவது, குழப்பம் அதிகமாவது. இதில் ஒன்று இருந்தாலும் 108ஐக் கூப்பிடுங்கள். கழுத்து வலி சொன்னால் நீங்களாகத் தூக்கி உட்காரவைக்காதீர்கள். ஹெல்மெட்டையும் பிடித்து இழுக்காதீர்கள். "தூங்கவே விடக் கூடாது" என்று பாட்டிமார் சொல்வது ஒன்று உண்டு. டாக்டர் பார்த்து, ஆபத்தான அறிகுறி இல்லை என்று சொன்ன பிறகு பிள்ளை தூங்கலாம். எழுப்பினால் எழ வேண்டும், அதுதான் கவனிக்க வேண்டியது.

மகளுக்கு முதல் இரண்டு நாள் வீட்டில் ஓய்வு. படுத்தே கிடக்கச் சொல்லவில்லை. வீட்டுக்குள் நடக்கலாம், போன் மட்டும் கூடாது. அதுதான் பெரிய சண்டை. பிறகு ஸ்கூல். ஸ்கூல் பழையபடி ஒத்துக்கொண்டபின் மெதுவாக நடை, ஓட்டம், பந்தில்லாத பயிற்சி, டென்னிஸ் பால், கடைசியில் டாக்டர் எழுதிக்கொடுத்த பிறகு லெதர் பால். ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலைவலி கூடினால் நிறுத்திவிட்டு, குறைந்தபின் மெதுவாகத் தொடர வேண்டும். அவசரப்பட்டு இறக்கி, முதல் அடி ஆறுவதற்குள் இரண்டாவது அடி பட்டால் சிறு பிள்ளைகளுக்கு மூளை வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். ஒரு டோர்னமெண்ட் போனது. அழுதாள். பரவாயில்லை.

அந்த ஹெல்மெட்டை மறுபடி போடவில்லை. பலமான அடி வாங்கியதை மாற்றிவிட வேண்டும் என்றுதான் கம்பெனிகளே அறிவுறுத்துகின்றன. உள் ஃபோம் ஒருமுறை நசுங்கினால் அடுத்த அடியை அப்படியே தாங்காது, வெளியிலிருந்து பார்த்தும் தெரியாது. 3,500 ரூபாய் மறுபடியும் என்பது எங்களுக்குச் சின்னத் தொகை இல்லை. ஆனால் இதில் கணக்குப் பார்க்க எனக்கு மனமில்லை. பழையதன் தாடைப் பட்டையை வெட்டி, மார்க்கரால் பெருக்கல் குறி போட்டுத்தான் குப்பைக்கு அனுப்பினேன். இல்லையென்றால் யாராவது எடுத்துத் துடைத்து அந்தக் கிட் பேக்கில் போட்டுவிடுவார்கள்.

அதே கடையில் அதே மாடலையே மறுபடி வாங்கினோம். நெக் கார்டில் அடி படவில்லை, கிளிப்பும் உறுதியாக இருந்ததால் அதையே மாட்டிக்கொண்டோம். போகிறவர்கள் பிப்ரவரியிலேயே போய்விடுங்கள். மார்ச் கடைசியில் சம்மர் கேம்ப் கூட்டம் வந்ததும் ஜூனியர் சைஸ் நெக் கார்டு தீர்ந்துவிடுகிறது. ஞாயிற்றுக்கிழமை நெரிசலில் போட்டுப் பார்க்க நேரம் கிடைக்காது. வார நாளில் காலையில் போனால் பெரியவர் நிதானமாக எடுத்துக் காட்டுவார்.